லாசரஸ் இல்லாதபோது வரும் விடை

ஒரே பூட்டு, ஒரே படம், ஒரே கணக்கு. காலையில் கேட்டால் முந்நூற்று நான்கு கிலோ என்றது. மத்தியானம் கேட்டால் நூற்று முப்பத்தேழு என்றது. டீ குடித்துவிட்டு வந்து கேட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு. லாசரஸுக்கு மண்டை காய்ந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷமாகக் காந்தங்களோடு குப்பை கொட்டுகிறவர் அவர். காந்தம் இப்படி வேளைக்கொரு பேச்சுப் பேசி அவர் பார்த்ததே இல்லை.

பூட்டு என்றால் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு அல்ல. ஆபீஸ்களில் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் டிக்கென்று விட்டுக்கொடுக்குமே ஒரு கதவு, அதன் உச்சியில் இருக்கும் காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரை எதிரே உள்ள இரும்புத் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். எத்தனை கிலோ பலத்தில் இழுத்தால் தகடு பிய்த்துக்கொண்டு வருகிறதோ, அதுதான் பூட்டின் தரம். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் பட்டாபிராமனின் கம்பெனி இதைத்தான் செய்கிறது. மாடியில் எட்டுப் பேர், கீழே பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை. சிறுசேரிக் கம்பெனிகளின் கதவையெல்லாம் நாங்கள்தான் பிடித்துவைத்திருக்கிறோம் என்று பட்டாபிராமன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பாதி உண்மை.

பூட்டுக்குக் கணக்குப் போட இரண்டு மென்பொருள்கள் உண்டு. ஒன்று காந்த மென்பொருள். படத்தைக் கொடுத்தால் இரும்பையும் செம்புக் கம்பியையும் சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கி, ஒவ்வொரு முக்கோணத்திலும் காந்தம் எவ்வளவு என்று பார்த்து, இழுக்கும் பலத்தைச் சொல்லும். மற்றது கணித மென்பொருள். எண்களைக் கொடுத்தால் வளைகோடு போட்டு அலசி முடிவைச் சொல்லும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் லாசரஸ் உட்கார்ந்து இதில் வந்ததைப் பார்த்து அதில் அடிப்பார். ஒரு பூட்டுக்கு இரண்டு நாள் ஆகும்.

அந்த நடுவேலையை ஒழிக்கத்தான் ஸஹானாவை எடுத்தார்கள். இருபத்துநான்கு வயது, அஸ்தினாபுரத்தில் வீடு, மூன்று மாதம் தகுதி பார்த்துப் பிறகு வேலை நிரந்தரம் என்று பேச்சு. அவள் ஆறே வாரத்தில் இரண்டு மென்பொருளையும் இணைத்து ஒரு நிரல் எழுதிவிட்டாள். தகட்டை நூலளவு தள்ளு, கணக்குப் போடு, விடையைச் சொல் என்று கணித மென்பொருள் கட்டளை அனுப்பும். காந்த மென்பொருள் செய்து காட்டும். இப்படி நாற்பது தடவை, தடவைக்கு ஒரு நிமிஷம். நாற்பது நிமிஷம் கழித்துக் கடைசியாக ஒரே ஒரு எண் வந்து நிற்கும். தன் வேலை போகிறதே என்று லாசரஸுக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லவே இல்லை என்பார். அவர் சொல்கிறார் என்பதற்காக நாம் நம்பிவிட வேண்டியதில்லை.

புது நிரலை நம்புவதற்கு முன்னால், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். பட்டறையில் யேசுதாசன் ஒரு மாதிரிப் பூட்டை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்திருந்தார். இருநூற்று எழுபத்தொன்பது கிலோவில் பிய்த்துக்கொண்டது. நிரலும் அதையொட்டி ஒரு விடை சொல்ல வேண்டும். சொன்னால் மாதக் கடைசியில் ஸஹானாவுக்கு வேலை உறுதி, சொல்லாவிட்டால் இல்லை. பட்டாபிராமன் இதை அவளை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். சோதிக்கிற பொறுப்பு லாசரஸுக்கு.

பெரிய கம்ப்யூட்டர் லாசரஸின் மேஜையில்தான் இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை பதினோரு தடவை நிரலை ஓட்டினார்கள். அவர் சும்மா ஓட விடுகிற ஆள் இல்லை. குக்கர் விசிலை எண்ணினால் போதாது, மூடியைத் திறந்து பார்த்தால்தான் திருப்தி என்கிற ரகம். எட்டு வருஷத்துக்கு முன்னால் தான் வடிவமைத்த பழைய பூட்டின் படத்தையும் அதே காந்த மென்பொருளில் திறந்து வைத்துக்கொண்டு, அதை ஒரு சொடுக்கில் மேலே கொண்டுவந்து பார்ப்பார், இதை ஒரு சொடுக்கில் மேலே கொண்டுவந்து பார்ப்பார். அவர் பெயரைச் சொல்லும் பூட்டு அது ஒன்றுதான், அதனால் அதன்மேல் கொஞ்சம் பாசம்.

நோட்டில் ஒவ்வொரு தடவையும் வந்த எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தார். ஏழு தடவை கண்டபடி எண்கள். நான்கு தடவை மட்டும் இருநூற்று எண்பத்தொன்று, அதாவது யேசுதாசன் இழுத்துப் பார்த்ததற்குப் பக்கத்திலேயே. வருகிற தடவை அச்சடித்த மாதிரி அதே எண், வராத தடவை தலையும் இல்லை வாலும் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஏசியைக் கூட்டிப் பார்த்தார். புதன்கிழமை யூபிஎஸ்ஸைக்கூட மாற்றச் சொன்னார். யூபிஎஸ்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திராது.

"என்னம்மா இது?" என்று ஸஹானாவைக் கேட்டார்.

"எனக்கும் புரியல சார். என் லேப்டாப்ல எப்பப் போட்டாலும் இருநூத்தி எண்பத்தொண்ணுதான் வருது" என்றாள்.  மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம்தான் லாசரஸுக்கு அது உறைத்தது. சரியான விடை வந்த நான்கு தடவையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஒன்று. அன்று அவர் பட்டறையில் இருந்தார். புதன்கிழமை இரண்டு. அன்று கண்ணாடி மாற்றத் தாம்பரம் போயிருந்தார். வியாழன் காலை ஒன்று. சிட்லபாக்கத்திலிருந்து வரும்போது பைக் பஞ்சராகி ஒரு மணி நேரம் தாமதம். நான்கு தடவையும் அவர் நாற்காலியில் இல்லை. நான்கு தடவையும் ஸஹானா தனியாக ஓட்டியிருக்கிறாள்.

அவர் இருந்தால் தப்பு வருகிறது, அவர் இல்லாவிட்டால் சரி வருகிறது. இயந்திரத்துக்கு ஆளைத் தெரியுமா என்ன? தெரியாது. அப்படியானால் ஆள்தான் ஏதோ செய்கிறது. விடை இருநூற்று எழுபத்தொன்பது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். கண் மறைந்ததும் பக்கத்தில் ஓர் எண்ணைத் தானே உள்ளே வைக்கிறாள். ஒட்டாமல் கிடந்ததெல்லாம் ஒரே நொடியில் ஒட்டிக்கொண்டதில் லாசரஸுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. குழம்பிக் கிடக்கிறவனுக்குக் கிடைக்கிற முதல் பதில் அமிர்தமாக இருக்கும், அதன் யோக்கியதையை யார் பார்க்கிறார்கள்?

வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஏரிக்கரை நடைபாதையில் மனைவி ஈவ்லினோடு நடக்கும்போது சொன்னார். ஈவ்லின் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர். காப்பியடிக்கிற பிள்ளைகளைத் தினம் பார்க்கிறவர்.

"அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்றார்.

"கேட்டா ஒத்துக்குவாளா? எந்தத் திருடன் ஒத்துக்குவான்?"

"திருடன்னு முடிவு பண்ணிட்டீங்களா? நான் ஒரு பிள்ளையோட பேப்பரைப் பிடுங்கறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாப்பேன்."

"இது பள்ளிக்கூடம் இல்ல ஈவ்லின். மெஷின் சொல்லுது, நான் இல்ல."

வீடு திரும்பியதும் பட்டாபிராமனுக்கு மெயில் எழுதினார். சரியான விடைகள் எல்லாம் ஸஹானா தனியாக இருந்தபோது மட்டுமே வந்திருக்கின்றன, தெரிந்த விடையை அவர் உள்ளே வைத்து ஏமாற்றுவதாகக் கருதுகிறேன், தேதியும் நேரமும் கீழே. மின்விசிறி ஓடவில்லை என்று எழுதினாலும் எல்லாருக்கும் நகல் போடுகிற பழக்கம் அந்த ஆபீஸுக்கு. கை பழகிய பழக்கத்தில் எட்டுப் பேருக்கும் போட்டுவிட்டார். எட்டில் ஒருத்தி ஸஹானா.

வெள்ளிக்கிழமை காலை பட்டாபிராமன் அவளை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியாக ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தவள் லேப்டாப்பை எடுத்துப் பையில் போட்டாள். கழுத்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. லாசரஸும் கம்ப்யூட்டரில் ஏதோ மும்முரமாக இருந்தார். திரையில் ஒன்றும் இல்லை.

"சரிபாத்து முடிவு பண்ற வரைக்கும் வீட்டுல இருக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் பட்டாபிராமன். "எனக்கும் மனசு கேக்கல. நீங்க எதுக்கும் இன்னொரு தடவ ஓட்டி, அவ இல்லாம என்ன வருதுன்னு எழுதிக் குடுங்கோ. அதை வெச்சு முடிச்சுடலாம்."

சனிக்கிழமை ஆபீஸில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு மணிக்கு லாசரஸ் நிரலை ஓடவிட்டார். ஸஹானா அஸ்தினாபுரத்தில் இருக்கிறாள், நாற்காலியில் அவர் இருக்கிறார், தப்பான விடை வரும், எழுதிக் கொடுத்துவிடலாம். மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார். ஈவ்லின் மீன் குழம்பு வைத்திருந்தார். நாலு வாய் பிசைந்து போட்டிருப்பார், யேசுதாசன் தன் டப்பாவோடு மாடியேறி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நேத்து அந்தப் பொண்ணு படியில அழுதுகினே போச்சு. இன்னான்னு கேட்டா சொல்லல. அப்பாலதான் மெயிலு விஷயம் தெரிஞ்சுது." யேசுதாசன் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். "நான் இஸ்துப் பாத்தது இருநூத்தி எழுபத்தொம்போது. அது நெஜந்தானே? அதே மாதிரி வந்தா திருட்டுன்றீங்க. வராங்காட்டி தப்புன்றீங்க. அப்ப அந்தப் பொண்ணு இன்னாதான் சார் பண்ணணும்? பேஜாரா கீது."

லாசரஸ் விளக்க ஆரம்பித்தார். நேரம், தேதி, யார் எங்கே இருந்தார்கள் என்று எல்லாம் சொன்னார். யேசுதாசன் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஏன்' வைத்திருந்தார். சோறு தீர்ந்து வெகுநேரமாகியும் பேச்சு தீரவில்லை. குழம்புக் கை காய்ந்து விறைத்துப்போயிற்று. பழைய பூட்டின் படத்தை மேலே கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு இரண்டு மூன்று தடவை கை துறுதுறுத்தது. எச்சில் கையால் மவுஸைத் தொடவா முடியும்? இடது கையில் அவருக்கு மவுஸ் நிற்காது.

திரையில் கடைசி எண் வந்து நின்றது. இருநூற்று எண்பத்தொன்று.

லாசரஸ் வாயைத் திறந்தபடி பார்த்தார். யேசுதாசனும் எட்டிப் பார்த்தார்.

"நீங்கதானே சார் போட்டீங்க?"

"நான்தான்."

"அப்ப திருடுனது யாரு?"

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு யேசுதாசன் கீழே போய்விட்டார். லாசரஸுக்குத் தலை சுற்றிற்று. நிரலுக்குள்ளேயே விடையை எழுதி ஒளித்து வைத்திருக்கிறாளா? அப்படி வைத்திருந்தால் ஏழு தடவை ஏன் தப்பாக வந்தது? தான் இருந்தால் தப்பு வரும் என்றால், இப்போது தான் இங்கேதானே இருக்கிறோம்? நேற்று வரை கச்சிதமாக ஒட்டியிருந்ததெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து பழைய குழப்பமே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போய்க் கையைக் கழுவினார். இரண்டு தடவை சோப்புப் போட்டார். திரும்பி வந்து மறுபடி ஓடவிட்டார்.

பத்தாவது நிமிஷத்தில் கை தானாகப் போய்ப் பழைய பூட்டின் படத்தைச் சொடுக்கி மேலே கொண்டுவந்தது. மற்ற நாளாக இருந்தால் உடனே திருப்பியிருப்பார். அன்று யோசனை எங்கேயோ இருந்ததால் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக அசையாமல் இருந்த அவருடைய பூட்டின் தகடு, அவர் கண் முன்னாலேயே, யாரும் தொடாமல், நூலளவு நகர்ந்தது.

ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு நூல்.

 ஸஹானாவின் கட்டளைகள் புதுப் பூட்டுக்கு வந்துகொண்டிருந்தவை. எந்தப் படம் மேலே இருக்கிறதோ அதில்தான் அவை போய் விழுகின்றன. தொலைபேசியில் ஒருவர் அளவு சொல்லச் சொல்ல டெய்லர் வெட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கிறவன் மேஜைமேல் இருக்கும் துணியை மாற்றி மாற்றிப் போட்டது மாதிரி. பாதி பலம் புதுப் பூட்டினுடையது, பாதி பலம் பழைய பூட்டினுடையது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வளைகோடு. எத்தனை தடவை சொடுக்கினாரோ அதற்குத் தகுந்தாற்போல ஒரு எண். அவர் பார்த்ததால் கெடவில்லை, தொட்டதால் கெட்டது. முடிவில் நூற்றுத் தொண்ணூறு என்று வந்ததை அவர் நோட்டில் எழுதக்கூட இல்லை.

பட்டாபிராமனுக்குப் போன் செய்து சொன்னார். "அடக் கடவுளே" என்றார் அவர்.  "சரி, திங்கக்கிழமை அவளை வரச் சொல்லிடறேன்."

"இருங்க சார். நான் நேர்ல போயிட்டு வந்துடறேன்."

அஸ்தினாபுரத்தில் ஸஹானாவின் வீடு முதல் மாடி. அவள் அம்மா கதவைத் திறந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், மகளுக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை. லாசரஸ் பெயரைச் சொன்னதும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஸஹானா வந்து எதிரே நின்றாள். கண் இமை தடித்திருந்தது.

லாசரஸ் நடந்ததைச் சொன்னார். பழைய படம், சொடுக்கு, நகர்ந்த தகடு. பாதி சொல்லும்போதே அவள் கண் அகன்றது.

"அய்யோ! மேல எந்த விண்டோ இருக்கோ அதுக்குப் போயிருக்கு சார். நான் எந்தப் படம்னு பேர் சொல்லாமயே கமாண்ட் அனுப்பியிருக்கேன். என் லேப்டாப்ல ஒரே படம்தானே தெறந்திருக்கும், அதான் எனக்குத் தெரியவே இல்ல. ஒரே வரி சார், ஒரே வரி சேத்தாப் போதும்!" திங்கட்கிழமையிலிருந்து புரியாததற்கு விடை தெரிந்த சந்தோஷத்தில் அவள் சிரித்தேவிட்டாள். பிறகு யாரிடம் சிரிக்கிறோம் என்று நினைவு வந்து சிரிப்பு நின்றது.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் லாசரஸ். 

"எட்டுப் பேருக்குப் போட்டீங்க சார்."

"எட்டுப் பேருக்கும் இப்பவே போடறேன்." போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் தட்டினார். அவளிடம் நீட்டினார். இணைப்பு நிரலில் இருந்த ஒரு குறையால் விடைகள் மாறியிருக்கின்றன, ஸஹானாமீது தவறில்லை என்று எழுதியிருந்தது.

ஸஹானா அதை இரண்டு தடவை படித்தாள்.

"நிரலை எழுதினது யாரு சார்?"

"நீதாம்மா."

"அப்ப மறுபடியும் என்னையேதானே சொல்றீங்க? குறை இருக்கு. திங்கக்கிழமை நான் சரி பண்ணிடுவேன். ஆனா நீங்க அன்னிக்கு எழுதினது குறையப் பத்தி இல்லையே. நான் ஏமாத்துறேன்னு எழுதினீங்க."

லாசரஸ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தான் எழுதியதைத் தானே படித்தபோது அவருக்குக் கூசிற்று. வேண்டுமென்று எழுதவில்லை, கை அப்படித்தான் போயிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்தார். ஸஹானா ஏமாற்றியதாக நான் எழுதியது பொய், நிரல் ஓடும்போது ஏழு தடவையும் படத்தை மாற்றிக் கெடுத்தது நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன் என்று தட்டினார். இந்தத் தடவை அவளிடம் காட்டாமலே அனுப்பினார். சோபாவில் கிடந்த அவள் போன் அதிர்ந்தது. அவள் எடுத்துப் படித்தாள்.

"சரி சார்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. அவங்களுக்கு மெயில் வராது. நேத்து அவங்களே கேட்டாங்க, 'நெஜமாவே நீ அந்த நம்பர வெக்கலியாடி'ன்னு."

அம்மா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். லாசரஸ் எழுந்து நின்றார். காந்தம், படம், கட்டளை என்று எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. மெஷின் ஓடிட்டிருக்கும்போது நான் கைய வெச்சுட்டேன். அதனால விடை மாறிடுச்சு. பழியத் தூக்கி இவ மேல போட்டுட்டேன்."

"கை வெச்சா மாறிடுமா?" என்றாள் அம்மா.

"மாறிடுச்சும்மா."

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவரைப் பார்க்கவில்லை. டம்ளர்களை மேஜைமேல் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நானும் உன்னக் கேட்டுட்டேனேடி" என்றாள்.

ஸஹானா சோபாவில் உட்கார்ந்தாள். அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். லாசரஸ் அந்தக் காபியை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.